இருபது கிராம்

குருவுக்கு வயது முப்பத்தொன்று, சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு. காவியும் கிடையாது, கமண்டலமும் கிடையாது. நிலக்கோட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு ஜெசிந்தா பொறுப்பு நர்ஸ். கண் வார்டிலேயே இருபது வருஷம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த வடிவாம்பாள் போன வாரம்தான் அங்கே மாற்றலாகி வந்தார்.

வந்த அன்றே அவருக்குத் தலை சுற்றிவிட்டது. எங்கே திரும்பினாலும் கிராம், மில்லி.

"இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எப்ப சிஸ்டர் பிடிபடும்?"

ஜெசிந்தா கேண்டீனுக்குப் போய் அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டும் முட்டை நான்கும் வாங்கிவந்தார். எல்லாவற்றையும் ஒரு துண்டில் சுற்றி வடிவாம்பாள் கையில் கொடுத்தார்.

"மூணாம் தொட்டில் பாப்பா இவ்வளவுதான்க்கா."

வடிவாம்பாள் அதை வாங்கியவர், தன்னை அறியாமல் மார்போடு அணைத்துக்கொண்டார். ஆயிரத்து இருநூறு கிராம். கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தேக்கரண்டி ஐந்து மில்லி, முட்டை ஐம்பது கிராம் என்று பார்த்ததையெல்லாம் நிறுக்க ஆரம்பித்தார். வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடி கூடத் தப்பவில்லை.

மறுநாள் காலை மூணாம் தொட்டில் குழந்தையின் தாய் முத்துப்பேச்சி பையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் பிள்ளைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்."

வடிவாம்பாளுக்குப் பதறிவிட்டது. இந்த எடையில் வெளியே போனால் பிள்ளை பிழைப்பது சிரமம்.

"ஏம்மா? நேத்தைக்கு இன்னைக்கு இருபது கிராம் ஏறியிருக்கே!"

"சூடு குடுக்கணும்னு ராப்பகலா நெஞ்சுல போட்டுக் கெடந்தேன். இருபது கிராம்தானா? இது தேறாது சிஸ்டர். எங்க வீட்டுலயே கெடக்கட்டும்."

இதற்குத்தானே படித்தோம் என்று வடிவாம்பாள் முன்னால் வந்தார். "இருபது கிராம்னா ரெண்டரைப் பவுன்! ஒரே நாள்ல உன் மக ரெண்டரைப் பவுன் ஏறியிருக்கா."

முத்துப்பேச்சியின் முகம் சுண்டிப்போனது. "குண்டுமணி தங்கம் இல்லாதவகிட்ட வந்து பவுனுங்கிறீங்க. நக்கலா?"

ஜெசிந்தா வந்து முத்துப்பேச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன வேலை பாக்குற தாயி?"

"மல்லிகைத் தோட்டத்துல பூப்பறிக்கிறேன்."

"ஒரு கிலோவுக்கு எத்தனை மொட்டு நிக்கும்?"

"நாலாயிரத்துச் சொச்சம் நிக்கும். ஏன்?"

"அப்ப இருபது கிராமுக்கு?"

முத்துப்பேச்சி விரல் மடக்கினாள். நூறு கிராமுக்கு நானூறு. அதில் ஐந்தில் ஒரு பங்கு. உதடு அசைந்து நின்றது.

"எம்பது மொட்டு."

அவள் உள்ளங்கையைக் குவித்துப் பார்த்தாள். விடியுமுன் பனியில் குனிந்து, ஒவ்வொன்றாய்க் கிள்ளி, எண்பது மொட்டு சேர்வதற்குள் இடுப்பு என்ன பாடு படும் என்று அவளுக்கா தெரியாது?

பையைக் கீழே வைத்தாள். தொட்டிலுக்குப் போய்க் குனிந்தாள்.

"எம்பதையும் நீ ஒத்தையாவா பறிச்ச, எந்தாயி?"

ஒரு நாழிகை கழித்துப் பார்த்தபோது குழந்தை அவள் நெஞ்சில் கிடந்தது. நாளைக்கு எத்தனை மொட்டு என்று அதனிடமே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வடிவாம்பாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன்னைவிட இருபத்தோரு வயது சின்னவள் என்றும் பார்க்காமல் ஜெசிந்தாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மல்லிகைக் கணக்கை எங்க சிஸ்டர் படிச்சீங்க? நீங்க மட்டும் இல்லன்னா..."

ஜெசிந்தா அந்தக் கைகளைப் பிடித்து முத்துப்பேச்சி இருந்த பக்கம் திருப்பிவிட்டார்.

"அங்க கும்பிடுங்கக்கா. எட்டு வருஷமா இங்க எடை போடுறேன். இருபது கிராம் எவ்வளவுன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."