பழிக்கு மூன்று பேர்

பரிசுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்ட கதை ஊருக்கு ஊர் உண்டு. பழி எனக்குத்தான் என்று மூன்று பேர் முன்னால் வந்து நின்ற கதை இது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பார்வையற்றோர் கால்பந்தில் பந்துக்குள் மணி குலுங்கும். அரைப் பார்வைக்காரனும் பார்வையே இல்லாதவனும் சமமாகட்டும் என்று, கோல்கீப்பர் தவிர எல்லோர் கண்ணையும் கட்டிவிடுவார்கள். பந்தைப் பறிக்கப் போகிறவன் "வோய்" என்று குரல் கொடுத்தே ஆகவேண்டும். இல்லையென்றால் மண்டையோடு மண்டை மோதிவிடும். பார்க்க வந்தவர்கள் வாயே திறக்கக் கூடாது.

திருநெல்வேலி அணியின் இசக்கிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. தூத்துக்குடி அணியின் ஜெரால்டுக்கு இடது கண்ணில் மட்டும் துளி வெளிச்சம். காலை வெயிலில் மகளை ஜன்னலோரம் நிறுத்தி, அந்தத் துளியை வைத்துத்தான் அவள் முகம் பார்ப்பான். இருவரும் ஒரே விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

இறுதிப் போட்டி முடியும் தறுவாயில் பந்து ஜெரால்டின் காலில் இருந்தது. இசக்கி பக்கவாட்டிலிருந்து மணிச் சத்தத்தை நோக்கி ஓடினான். குரல் கொடுத்தால் ஜெரால்டு நழுவிவிடுவான் என்று அவனுக்குத் தெரியாதா? கோப்பை ஆசை நாக்கைக் கட்டிப்போட்டது. வாயை மூடிக்கொண்டு பாய்ந்தான்.

இசக்கி ஓடிவந்த பக்கமே கோட்டுக்கு வெளியே நின்றிருந்த ஜெரால்டின் மனைவி ரோஸ்லின் அதைப் பார்த்துவிட்டாள். விதியை மறந்து, "ஏங்க, பாத்து" என்று அலறினாள். ஜெரால்டு மனைவியின் குரலுக்கு முகத்தைத் திருப்பினான். இசக்கியின் நெற்றி அவனுடைய இடது கண்ணில் இடித்தது. அலறலில் இசக்கியின் குரல் அமுங்கியிருக்கும் என்று எண்ணி நடுவர் அவன்மேல் தவறு சொல்லவில்லை.

மருத்துவமனையில் கட்டைப் பிரித்ததும், விளக்கைப் போடச் சொன்னான் ஜெரால்டு. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"நான் கத்தாம இருந்தா தோள்லதான் பட்டிருக்கும். நாந்தான் பாவி" என்று ரோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள்.

இசக்கிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "இல்ல மதினி. நான் குரலே குடுக்கல" என்றான்.

"பொய் சொல்லாதலே" என்றான் ஜெரால்டு. "நீ குரல் குடுத்த. கேட்டும் நாந்தான் ஒதுங்கல. தப்பு எம்மேல."

விதியை மீறி அலறியவளா, வாயை மூடிப் பாய்ந்தவனா, வராத குரலைக் கேட்டேன் என்றவனா? இதில் பழி யாருக்குச் சேரும்?

விடை: இசக்கிக்குத்தான். அவன் கொடுத்திருக்க வேண்டிய குரலைத்தான் ரோஸ்லின் கொடுத்தாள். ஜெரால்டின் காது தப்பாது; மனைவி மனம் உடையக் கூடாது, நண்பனை ஆட்டத்திலிருந்து விலக்கக் கூடாது என்றுதான் பொய் சொன்னான். இசக்கி அந்தப் பொய்யை ஏற்காமல் நடுவரிடம் போய் உண்மையைச் சொன்னான். அதன் பிறகு பந்தைத் தொடவில்லை. தீர்ப்பு சரிதான், அதனால் யாருக்கு என்ன லாபம்? காலையில் வெயில் வந்ததும் அந்தப் பிள்ளை இன்றும் ஜன்னலோரம் போய் நிற்கிறாள்.