நண்டு ஜெயித்த நடை

அந்தக் காலத்தில், 'அலைமுனை' வீடியோ விளையாட்டுக்குள் நாம் யாரும் கால் வைப்பதற்கு ஒரு யுகம் முன்னால், கடலும் மலையும் நண்டும் ஆமையும் ஒரே பாஷையில் பேசிக்கொண்டிருந்தன. அப்போது நண்டுகூட நம்மைப் போல நேராகத்தான் நடக்கும். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அந்த உலகத்தை உண்டாக்கியவர்கள் இரண்டு ஆதிபூதங்கள். மலைக்குள் இருந்தவன் கனலன், நெருப்புப் பூதம். கடலுக்குள் இருந்தவள் ஓதத்தாள், நீர்ப் பூதம். இருவருக்கும் நடுவில் ஒரு மணற்கரை. எல்லா உயிர்களும் அதில்தான் பிழைத்தன. பூதங்கள் சொன்ன சொல்லை அவர்களே நினைத்தாலும் மீற முடியாது. அவர்கள் எதிரில் நிற்கும்போது யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால் போச்சு, அந்த இடத்திலேயே கல்லாக்கிவிடுவார்கள்.

ஒரு நாள் காலையில், கரையில் இருக்கும் உயிர்கள் யாருக்குச் சொந்தம் என்று இவர்களுக்குள் சண்டை வந்தது.

"என் சூட்டில்தான் இதுகள் உயிரோடு இருக்கின்றன" என்றான் கனலன்.

"என் தண்ணீர் இல்லாவிட்டால் உன் சூட்டில் எல்லாம் கருவாடாகியிருக்கும்" என்றாள் ஓதத்தாள்.

பேச்சு முற்றியது. "மலைப்பக்கம் எவன் ஓரடி வைத்தாலும் விழுங்கிவிடுவேன்!" என்று அவள் சீறினாள். "கடல்பக்கம் எவன் ஓரடி வைத்தாலும் பொசுக்கிவிடுவேன்!" என்று அவன் உறுமினான். அவ்வளவுதான். மலையைப் பார்த்து நின்ற உயிர்கள் எல்லாம் திரும்பவும் முடியாமல் நின்றபடியே நின்றன. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதே கதி.

மற்றவர்கள் பொறுத்திருக்கலாம். அலவி என்ற நண்டுக்கு அது முடியாது. அவள் வயிற்றுக்கு அடியில் முட்டைகள் முற்றிப்போயிருந்தன. பொழுது சாய்வதற்குள் உப்புத்தண்ணீரில் விடாவிட்டால் அத்தனை பிள்ளைகளும் காய்ந்து செத்துவிடும்.

"ஐயா, என் பிள்ளைகளுக்காக ஒரே ஒரு தடவை விடுங்கள்" என்று கனலனிடம் கெஞ்சினாள்.

"சொன்னது சொன்னதுதான்" என்றான் அவன்.

"தாயே, நீங்களாவது கொஞ்சம் முன்னால் வரக்கூடாதா?"

"அவன் வாயை மூடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றாள் ஓதத்தாள்.

அலவிக்கு வயிறு எரிந்தது. பெரியவர்களாம் பெரியவர்கள்! அவள் முகத்தைத் திருப்பாமல் கண்களை மட்டும் பக்கவாட்டில் ஓட்டினாள். கரையின் கோடியில் ஓர் உப்பங்கழி இருந்தது. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழி. அதற்குப் போகும் வழி மலைப்பக்கமும் இல்லை, கடல்பக்கமும் இல்லை.

அவள் இடது காலை எடுத்து இடதுபக்கமே வைத்தாள். மூட்டு மளுக்கென்றது.

"ஏய் அலவி, என்ன செய்கிறாய்?" என்று பதறியது பக்கத்தில் நின்ற ஆமை. "நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்று சும்மாவா சொன்னார்கள்! இப்படியும் ஒரு நடையா?"

"நீ வேண்டுமானால் நின்று வேடிக்கை பார், அண்ணே. எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

ஒரு கண்ணை மலைமேல் உயர்த்தினாள், இன்னொன்றைக் கடல்மேல் உயர்த்தினாள். கனலன் தீயைக் கக்கினான், அது அவள் முகத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. ஓதத்தாள் அலையை வீசினாள், அதுவும் பின்னங்கால் வரைக்கும் வந்து அப்படியே உறைந்தது. அவள்தான் அவர்கள் பக்கம் ஓரடியும் வைக்கவில்லையே! முகத்தையும் திருப்பவில்லையே! கால்கள் ஒவ்வொன்றும் வலியில் துடித்தன. அவள் நிற்கவில்லை.

வெயில் தாழும் நேரத்தில் கழித்தண்ணீர் அவள் வயிற்றைத் தொட்டது. முட்டைகள் வெடித்து, கடுகளவு குஞ்சுகள் தண்ணீரெல்லாம் பரவின. வடிகிற நீர் அவற்றைத் தூக்கிக்கொண்டு போனது. அலவி அழுதாள், சிரித்தாள், பிறகு கொடுக்கைத் தலைக்குமேல் தூக்கினாள்.

"வாங்கடா எல்லாரும்! குறுக்கே வாங்க!"

முதலில் ஆமை கோணிக்கொண்டு வந்தது. அப்புறம் நீர்நாய், ஓணான், எறும்பு என்று ஒருவர் பாக்கியில்லை. எந்த உயிர்களுக்காகச் சண்டை போட்டார்களோ, அவற்றில் ஒன்றுகூட அந்தக் கரையில் மிஞ்சவில்லை. "நானேதான் போகவிட்டேன்" என்றான் கனலன். மீசையில் மண் ஒட்டவில்லையாம்!

கழியைத் தாண்டியதும் மற்றவர்கள் பழையபடி நேராக நடந்தார்கள்.

"இனிமேல் நீயும் நேராக நடக்கலாமே" என்றது ஆமை.

"என் பிள்ளைகளைப் பிழைக்கவைத்த நடை இது. இதையா விடுவேன்?" என்றாள் அலவி.

அலைமுனையின் முதல் கட்டத்தில் அந்த இரண்டு பூதங்களும் இன்னும் நிற்கிறார்கள். முன்னால் போனாலும் சாவு, பின்னால் போனாலும் சாவு என்று கன்ட்ரோலரைத் தூக்கியெறிகிறீர்களே, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கழியோரத்தில் ஒரு நண்டு உங்களுக்காகக் காத்திருக்கும்.

அன்று முதல்தான் நண்டு பக்கவாட்டில் நடக்கிறது, இரண்டு கண்ணையும் தூக்கிவைத்துப் பார்க்கிறது. நம்மைக் கண்டதும் அது கொடுக்கை உயர்த்துவது பயத்தில் இல்லை. "ஜெயித்தவள் பிள்ளை நான்" என்று சொல்கிறது.