கறுப்புத் திரையில் கறுப்பு எழுத்து

தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸ். டைப்பிஸ்ட் சிங்காரவேலுவுக்கு நாற்பத்தெட்டு வயது. கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க வந்த ரெஜினாவுக்கு இருபத்துமூன்று. அதனால் என்ன, குரு குருதான்.

சரக்குப் பட்டியலைத் திரையில் காட்ட சிங்காரவேலு ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். கம்ப்யூட்டரை நடத்துகிற டாஸிடம் ஒவ்வொரு எழுத்துக்கும் அனுமதி கேட்டுக் கேட்டு, பட்டியல் நொண்டியடித்து வந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பட்டுனு வரணும். இல்லேன்னா நீரு குடோனுக்குப் போயிரும்" என்று சொல்லிவிட்டார் மேனேஜர். குடோனில் மூட்டை எண்ணுகிற வேலை. சிங்காரவேலு ரெஜினாவிடம் ஓடினார்.

"டீச்சர், டாஸைக் கேக்காம திரையோட மெமரியிலேயே நேரா எழுதிட்டா என்ன? ஆனா புத்தகத்துல கூடாதுன்னு போட்டிருக்கு. மேனேஜர் வேற, கேக்காம நேரா எழுதக்கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காரே."

ரெஜினா தலைக்கு மேலே நின்றுபோயிருந்த ஃபேனைப் பார்த்தார்.

"நம்ம ரூம்ல ஃபேன் நின்னு ஒரு வாரமாச்சு. மேனேஜர்கிட்ட எப்படிச் சொல்றது அண்ணாச்சி?"

"சீட்டு எழுதணும். பியூன் அதை ஹெட்கிளார்க்கிட்ட குடுப்பாரு. அவரு பாத்து, கையெழுத்துப் போட்டு..."

ரெஜினா எழுந்து போய் மேனேஜர் அறைக் கதவைத் தள்ளித் திறந்தார்.

"சார், ஃபேன் ஓடல."

மேனேஜர் திகைத்துப்போய்த் தலையாட்டினார். சாயங்காலம் ஃபேன் சுற்றியது. சிங்காரவேலு புரோகிராமைத் திருத்த உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் பின்னால் வந்து நின்றார். சிங்காரவேலு பட்டனைத் தட்டினார். திரை கரிச்சட்டி மாதிரி கிடந்தது.

"குடோன் சாவியை வாங்கிக்கிடும்வே!" என்று சிரித்தார் மேனேஜர்.

"டீச்சர், நேரா எழுதினது தப்புதானோ?"

"எழுத்தெல்லாம் ஏறியிருக்கு அண்ணாச்சி. ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்து இடம் அதோட நிறத்துக்கு. திரையைத் துடைக்கையில அதையும் சேத்துத் துடைச்சிட்டீங்க. கறுப்புல கறுப்பா நிக்குது. இத்தனை நாளா டாஸ் பாத்துக்கிட்டது. இனி நீங்கதான் போடணும்."

சிங்காரவேலு நிறத்துக்கு ஒரு வரி சேர்த்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் பட்டியல் முழுசும் பளிச்சென்று வந்து நின்றது. அடேயப்பா!

மேனேஜருக்குச் சிரிப்பு போய்விட்டது.

"நேரா எழுதினீரா? நோட்டீஸைப் பாக்கலையா? யாரைக் கேட்டுவே எழுதினீரு?"

சிங்காரவேலு தலையைக் குனிந்துகொண்டு வாய்க்குள்ளேயே ஏதோ முனகினார்.

"என்னது? காதுல விழல!"

ரெஜினா நாற்காலியைச் சிங்காரவேலு பக்கம் திருப்பினார்.

"அண்ணாச்சி, பேச்சுக்கும் நிறம் போட மறந்துட்டீங்களே."

சிங்காரவேலு எழுந்து நின்றார்.

"யாரையும் கேக்கல சார். நானேதான் எழுதினேன்!"