ஐயோ பாவம் என்றால் வளரும் சுவர்

காக்கை வெள்ளையாக இருந்ததாகச் சொல்வார்களே, அதற்கும் முந்திய காலத்தில் தேன்குடி என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜா நல்லவர்தான். என்ன, தொட்டதற்கெல்லாம் கண்ணீர் வந்துவிடும்.

ஒருநாள் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நடக்க முடியாத வஞ்சி என்ற சிறுமி பிள்ளைகளோடு தவழ்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். குப்புற விழுந்து, சிராய்த்த முழங்கையை ஊதிக்கொண்டே சிரித்தாள். ராஜா சிரிப்பைப் பார்க்கவில்லை, முழங்கையைத்தான் பார்த்தார்.

"ஐயோ பாவம்! இந்தப் பிள்ளைக்கு இனி அடியே படக் கூடாது!" என்று ஊமத்தன் என்ற மந்திரவாதியை அழைத்தார்.

ஊமத்தன் கோலைத் தட்டினான். மைதானத்தின் நடுவே ஒரு சுவர் முளைத்தது. ஓடியாடும் பிள்ளைகள் அந்தப் பக்கம். வஞ்சி, கண் தெரியாத முத்தன், காது கேளாத பொன்னி, இன்னும் பத்துப் பேர் இந்தப் பக்கம். யாராவது "ஐயோ பாவம்" என்றால் சுவர் வளரும். ஊமத்தன் இதை யாரிடமும் சொல்லவில்லை, கள்ளன்!

அம்மாமார் வந்து "ஐயோ பாவம்" என்றார்கள். சுவர் ஒரு சாண் வளர்ந்தது. வாத்தியார்கள் வந்து "ஐயோ பாவம்" என்றார்கள். இன்னொரு சாண் வளர்ந்தது. ராஜா பழக்கூடையோடு வந்து "ஐயோ பாவம்" என்றார். ஓர் ஆள் உயரம் வளர்ந்துவிட்டது!

மூன்று வருஷம் போனது. இந்தப் பக்கம் மெத்தை உண்டு, பலகாரம் உண்டு. வஞ்சிக்குத்தான் ஒன்றும் தொண்டையில் இறங்கவில்லை. அந்தப் பக்கம் தினமும் ஒரு சலங்கை ஒலிக்கும். சுவரில் காதை வைத்து அதையே கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் கூட்டத்தில் தானும் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு அத்தனை ஏக்கம். யாராவது வந்து சண்டை போட்டால்கூடப் போதும் என்றிருந்தது.

ஒருநாள் மூலையில் கிடந்த ஒரு மத்தளத்தை மடியில் இழுத்துவைத்து, சலங்கைக்கு ஏற்றபடி வாசித்தாள். சலங்கை நின்றது. பிறகு மத்தளத்தோடு சேர்ந்து ஆடியது. இப்படியே பல நாள். ஒருநாள் வஞ்சிக்குத் தாளம் பிசகியது.

"ஏய்! யாரு அது? மூணாவது அடியை முழுங்கிட்டே! முதல்லேர்ந்து வாசி!" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கத்தியது.

வஞ்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று வருஷமாக அவளை யாருமே திட்டவில்லை.

"நீதாண்டி அவசரப்பட்டே!" என்று அவளும் கத்தினாள்.

சுவர் ஒரு சாண் இறங்கியது!

"என் பேரு மயிலி. நீ யாரு?"

"வஞ்சி."

"சரி, வாசிடி வஞ்சி!"

அப்புறம் கேட்க வேண்டுமா? முத்தன் பாடினான். "சுதி சேரலைடா!" என்றார்கள் அந்தப் பக்கத்தார். ஒரு சாண் இறங்கியது. பொன்னி மத்தளத்தில் கை வைத்து அதிர்வைப் பிடித்து, கை வீசி ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள். தப்பாக ஆடியவர்களை முறைத்தாள். இன்னொரு சாண். ஆடிப் பாடி, சண்டை போட்டு, ஒரு கூத்தே கட்டிவிட்டார்கள். சுவர் இடுப்பளவுக்கு வந்தது. நின்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். தரையில் உட்கார்ந்திருந்த வஞ்சி மட்டும் மயிலியைப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று அவள் மனசு கிடந்து அடித்தது.

அந்த நேரம் பார்த்து ராஜா வந்தார். வஞ்சியைப் பார்த்தார். கண் கலங்கியது.

"ஐயோ..."

அந்த வார்த்தைக்குச் சுவர் வளர்வதை மூன்று வருஷமாகப் பார்த்த பிள்ளைகள் பதறிப்போனார்கள்.

"ராஜா!" என்று வஞ்சி அதட்டினாள். "கூத்து நடக்குது. ஜால்ரா தட்டத் தெரிஞ்சா தட்டுங்க, இல்லேன்னா ஓரமா நில்லுங்க!"

ராஜாவுக்கு மிச்ச வார்த்தை தொண்டையிலேயே நின்றது. ஜால்ராவை எடுத்துத் தட்டினார். தாளம் கன்னாபின்னா என்று போனது.

"தப்பு! தப்பு! தப்பு!" என்று இரண்டு பக்கமும் ஒன்றாகக் கத்தின. ராஜா வாய்விட்டுச் சிரித்தார்.

பொலபொலவென்று சுவர் உதிர்ந்தது. ஊமத்தன் எடுத்த ஓட்டத்தில் எல்லையைத் தாண்டிவிட்டான். ராஜா மெத்தையையெல்லாம் அப்புறப்படுத்தி, அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கூத்துமேடை கட்டினார்.

தூசு அடங்கியதும் வஞ்சி பார்த்தாள். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு குட்டிப் பெண் சலங்கையோடு நின்றாள்.

"இத்துனூண்டா நீ?" என்றாள் வஞ்சி.

மயிலி மூச்சிரைக்க ஓடிவந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள். இருவரும் பேச ஆரம்பித்தார்கள். அப்புறம் பாருங்கள், பேச்சு நிற்கவே இல்லை. அவர்கள் இன்னமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்குத்தான் கதை தீர்ந்துவிட்டது.