நெல்லிக்கு ஒரு வெள்ளிக் காப்பு

ஒரு காட்டில், மூங்கில் புதர் ஓடையைத் தொடுகிற இடத்தில், செவந்தி என்றொரு கேளையாடு குடியிருந்தது. கேளையாட்டைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? மான் இனம்தான். உடம்பு சின்னது, குரல் பெரிது. காய்ந்த இலை ஒன்று விழுந்தால் போதும், "ஆபத்து! ஆபத்து!" என்று காடே அதிரக் கத்தும். நம் செவந்தியோ இலை விழுவதற்கு முன்பே கத்துகிற ரகம்.

காரணம் இல்லாமல் இல்லை, பாவம். அதன் முதல் குட்டியை மழைக்கால வெள்ளம் கொண்டு போய்விட்டது. இப்போது இருப்பது ஒரே குட்டி, நெல்லி. அது பிறந்த நாளிலிருந்து செவந்தி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வயது முடிந்த குட்டிகள் எல்லாம் சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில், தாய்மார் துணை இல்லாமல், ஓடையைத் தாண்டி உப்புப் பாறைக்குப் போய் வரவேண்டும். அன்று ஒவ்வொரு தாயும் தன் குட்டியின் முன்னங்காலில் ஒரு வெள்ளிக் காப்பு போட்டு அனுப்பும். காப்பு இல்லாத குட்டி போகக் கூடாது. அடுத்த சித்திரைவரை வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

காப்புச் செய்யும் தட்டார் ஒரு பொன்முதுகு மரங்கொத்தி. வேங்கை மரத்தடியில் அதன் பட்டறை. வெள்ளியை உருக்கித் தட்டி, வளையமாக வளைத்து, ஆடாமல் அசையாமல் இருக்க அரக்கில் பதித்து, தன் அலகையே உளியாக்கி டொக் டொக்கென்று பூச் செதுக்கும். வேலையில் சூரப்புலி. ஒரே ஒரு குறை, யார் முகத்தைப் பார்த்தும் அதற்கு 'முடியாது' என்று சொல்ல வராது.

பௌர்ணமிக்கு ஐந்து நாள் முன்பே நெல்லியின் காப்பு தயாராகிவிட்டது. அதில் ஒரே ஒரு நெல்லிக் கொப்பு, குட்டி குட்டிக் காய்களோடு. செவந்திக்கு மனம் நிறைந்து போயிற்று.

அந்த நேரம் பார்த்து ஒரு தவிட்டுக்குருவி வந்து உட்கார்ந்தது. ஊர் வம்பெல்லாம் அதன் வாயில்தான்.

"சேதி தெரியுமா, செவந்தி அக்கா? உப்புப் பாறைக்குப் போகிற வழியில் பாம்புச் சட்டை கிடக்கிறதாம்! இத்தனை நீளம்!"

செவந்தி உடனே மரங்கொத்தியிடம் ஓடியது. "தட்டாரே, தட்டாரே! கொப்புக்குப் பக்கத்தில் ஒரு மயிலைப் போட்டுவிடுங்கள். மயிலைக் கண்டால் பாம்பு ஓடிவிடும்."

மரங்கொத்தி தலையைச் சொறிந்தது. "சரி, தாயே" என்றது. டொக் டொக்.

மறுநாள் குருவி செந்நாய்ச் சேதி கொண்டு வந்தது. செவந்தி ஓடி வந்து புலி நகம் போடச் சொன்னது. அதற்கு மறுநாள் முள். "முள் குத்தாமல் இருக்க ஒரு செருப்புப் போடுங்கள், தட்டாரே." பிறகு வெள்ளம். சித்திரை மாத ஓடையில் குளம்பு நனையக்கூடத் தண்ணீர் கிடையாது, ஆனாலும் வெள்ளம்! அதற்கு ஒரு பரிசல். கண் படாமல் இருக்க ஒரு கண்.

அலகு பட்ட இடமெல்லாம் வெள்ளி சுருள் சுருளாக உதிர்ந்து கீழே விரித்திருந்த தேக்கிலையில் விழுந்தது.

மரங்கொத்தி மெல்லச் சொல்லிப் பார்த்தது. "தாயே, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். செதுக்குவதென்றால் வெள்ளியில் எதையும் சேர்ப்பதில்லை. இருக்கிற வெள்ளியை எடுப்பதுதான். ஒவ்வொரு படத்துக்கும் காப்பு இளைத்துக்கொண்டே போகிறது."

"இளைக்கட்டுமே! என் பிள்ளையை விட வெள்ளியா பெரிது? அந்த ஓரத்தில் இடம் இருக்கிறது பாருங்கள். அங்கே ஒரு இடிதாங்கி..."

"இடிதாங்கியா?"

"ஏன், இடி விழாதா?"

மரங்கொத்தி அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தது. பெருமூச்சு விட்டது. டொக் டொக்.

பௌர்ணமியன்று காலை செவந்தி நெல்லியைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தது. காப்பைப் போட்டதும் அடேயப்பா, என்ன ஜொலிப்பு! ஊசி முனை வைக்க இடமில்லாமல் மயிலும் நகமும் கண்ணும் பரிசலும். முதலில் செதுக்கிய நெல்லிக் கொப்பு எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"அம்மா, எவ்வளவு அழகு!" என்று நெல்லி ஒரு துள்ளுத் துள்ளியது.

டிக்.

காப்பு இரண்டு துண்டாக மண்ணில் கிடந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், குழந்தைகளே. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, செவந்திக்கு உள்ளுக்குள் 'அப்பாடா' என்றிருந்தது. காப்பு போயிற்று, இனி பிள்ளை எங்கும் போகாது!

பிறகுதான் அது நெல்லியின் முகத்தைப் பார்த்தது. குட்டி அழவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, அம்மாவின் கழுத்தில் மூக்கை வைத்துத் தேய்த்தது.

"நான் போகவில்லை, அம்மா. நீ பயப்படாதே. நான் உன்கூடவே இருக்கிறேன்."

செவந்திக்கு நெஞ்சே உடைந்துவிட்டது. 'ஐயோ, என் கண்ணே! இத்தனை ஆபத்துக்கும் காவல் வைத்தேன். உன் ஆசையைக் கெடுத்தது நானல்லவா!' என்று நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதது.

"தட்டாரே, ஏதாவது செய்ய முடியுமா? உங்களைக் கும்பிடுகிறேன்."

மரங்கொத்தி தேக்கிலையை மடித்து எடுத்து வந்தது. ஐந்து நாளாக உதிர்ந்த சுருளும் பொடியும் அதில் அப்படியே இருந்தன. "ஒரு துளிகூட வெளியே போகவில்லை, தாயே. என்மேலும் தப்பு இருக்கிறது. முதல் நாளே முடியாதென்று சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை."

அது சுருளையும் பொடியையும் இரண்டு துண்டுகளையும் ஒன்றாகப் போட்டு உருக்கியது. ஊதி ஊதி அதன் கன்னம் வலித்தது. தட்டியது, காய்ச்சியது, மறுபடி தட்டியது. பொழுது சாயுமுன் கெட்டியான புதுக் காப்பு ஒன்று அரக்கில் பதிந்து நின்றது, வெறுமையாக, வழவழவென்று.

"இருட்டுவதற்குள் ஒன்றுதான் செதுக்க முடியும். ஒன்றே ஒன்று. என்ன போடட்டும்?"

செவந்தி வாயைத் திறந்தது. பாம்பா, முள்ளா, செந்நாயா, வெள்ளமா? எதை விடுவது? வாயை மூடிக்கொண்டது. பிறகு குட்டியின் பக்கம் திரும்பி, அதுவரை ஒருநாளும் கேட்காததைக் கேட்டது.

"உனக்கு என்னடி வேண்டும், நெல்லி?"

நெல்லி யோசிக்கவே இல்லை. "நம் ஓடை, அம்மா. அதைப் பிடித்துக்கொண்டே வந்தால் நம் வீடு வந்துவிடுமே."

மரங்கொத்தி ஓடைபோல வளைந்த ஒரே ஒரு கோட்டைச் செதுக்கியது. மீதி இடத்தை அப்படியே விட்டுவிட்டது.

மறுநாள் காலை குட்டிகளோடு குட்டியாக நெல்லி ஓடையைத் தாண்டிப் போயிற்று. செவந்திக்குத் தொண்டைவரை கத்தல் வந்தது. விழுங்கிக்கொண்டது. அன்று முழுக்க அது ஒரு புல்லைக்கூடக் கடிக்கவில்லை. தவிட்டுக்குருவி சேதி சொல்ல வந்தபோது, "நாளைக்கு வா, தாயி" என்று அனுப்பிவிட்டது.

பொழுது சாய்கிற நேரம். ஓடைக்கரையோடு ஒரு சின்ன உருவம் துள்ளித் துள்ளி வந்தது. வாயெல்லாம் உப்பு, உடம்பெல்லாம் மண்.

செவந்தி குட்டியை நக்கி நக்கிக் கொடுத்தது. நாக்கு காப்பில் பட்டதும் நின்றது. வெறுமையாக அனுப்பிய இடமெல்லாம் கீறல்கள்!

"இது என்னடி?"

"ஈச்ச முள் மாட்டியது, அம்மா. நானே காலை உருவிக்கொண்டேன்."

"இது?"

"பாறையில் வழுக்கிவிட்டது. நானே எழுந்தேன்."

"இந்த நீளக் கீறல்?"

நெல்லி சிரித்தது. "அது விளையாடியபோது!"

சேதி கேட்க வந்த மரங்கொத்தி காப்பை எட்டிப் பார்த்தது. "அடடா, இத்தனை கீறலா! கழற்றிக் கொடுங்கள், தாயே. மெருகு போட்டு எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன்."

"வேண்டாம், தட்டாரே" என்றது செவந்தி. "ஓடை நீங்கள் செதுக்கியது. இதெல்லாம் என் பிள்ளை செதுக்கியது."

நீதி: பிள்ளைக்கு உங்கள் அன்பைக் கொடுங்கள், உங்கள் அச்சத்தை அதன்மேல் செதுக்காதீர்கள்.