ரைசோபியம் குடும்பம் இரண்டானது

பொட்டல்வாடியில் அறிவுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. செலவழித்தால்தானே குறையும்?

அந்த ஊர் அய்யாவு என்பவனுக்குப் போன ஆடிப்பட்டத்தில் கடலை பொய்த்துவிட்டது. செடி வெளிறி, பிடுங்கினால் அடியில் காயே இல்லை. இந்த முறையும் அப்படி ஆனால் பெண்டாட்டி பவளக்கொடியோடு செங்கல் சூளைக்குப் போவதைத் தவிர வழியில்லை. ஆகவே வேளாண்மை அலுவலர் செண்பகம் கருப்புப் பொடிப் பொட்டலம் ஒன்றை நீட்டியபோது, கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டான்.

“இதுல கோடிக்கணக்குல நுண்ணுயிர் உசுரோட இருக்கு. ஆறின கஞ்சியில கலந்து, விதை மேல புரட்டி, நிழல்ல உலர்த்தி விதைச்சிடுங்க. வேருக்குள்ள குடியிருந்து செடிக்குத் தழைச்சத்து குடுக்கும்,” என்றாள் செண்பகம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். படித்தவள், நிறுத்தவில்லை. “ரைசோபியம்னு போட்டிருக்கும். அது பழைய பேரு. ஒரே பேரினமா இருந்ததைப் பிரிச்சுட்டாங்க. வேகமா வளர்றது ரைசோபியம். கடலைக்கு உதவுறது மெதுவா வளர்றது. அது பிராடிரைசோபியம்னு தனியாப் போயிடுச்சு.”

வீடு வருவதற்குள் அய்யாவுவின் முகம் தொங்கிவிட்டது. மைத்துனன் சோலையப்பனையும் சித்தப்பா குஞ்சிதபாதத்தையும் கூப்பிட்டனுப்பினான்.

“குடும்பம் ரெண்டுபட்டுப் போச்சு சித்தப்பா. நமக்கு வேண்டியவங்க தனிக்குடித்தனம் போயிட்டாங்களாம்.”

சித்தப்பா பொட்டலத்தைக் காதில் வைத்துக் கேட்டார். “சத்தமே இல்ல. பேச்சுவார்த்தை நின்னு போச்சு போல.”

“யாரு மேல தப்பாம்?” என்றான் சோலையப்பன்.

“அதை அந்தம்மா சொல்லல.”

“சொல்ல மாட்டாங்க மச்சான். அவங்களுக்கு ரெண்டு பக்கமும் வேணும்.”

பழைய பேர் போட்ட பொட்டலத்தில் இரண்டு தரப்பும் இருக்கலாம், அப்படியே விதைத்தால் வேருக்குள் அடிதடிதான் நடக்கும் என்று முடிவாயிற்று. பிரித்துவைப்பது பொட்டல்வாடிக்குப் புதிதல்ல. டீக்கடையில் தம்ளரைப் பிரித்த ஊர், சுடுகாட்டுக்குப் பாதையைப் பிரித்த ஊர், கண்ணுக்குத் தெரியாததைப் பிரிக்காதா?

“வேகமா இருக்கிறவன் ரைசோபியம், மெதுவா இருக்கிறவன் நம்ம ஆளு. ஓடவிட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்,” என்றார் சித்தப்பா.

வேட்டியை விரித்துப் பொடியைக் கொட்டிவிட்டு மூவரும் குந்தியிருந்தார்கள். ஆடிக்காற்று அடித்தது. முக்கால்வாசிப் பொடி வேலியைத் தாண்டிப் போயிற்று.

“வேகத்தைப் பாத்தியா,” என்றார் சித்தப்பா. “ஒருத்தனும் திரும்பிக்கூடப் பாக்கல.”

வேட்டி மடிப்பில் தங்கிய ஒரு பிடி, மெதுவானவர்கள் என்று மரியாதையோடு அள்ளப்பட்டது. பவளக்கொடி கஞ்சி காய்ச்சி ஆற வைத்தாள். தொட்டுக்கொள்ள அவர்களுக்கு ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டாள். மூவரும் யோசித்து, வந்த அன்றைக்கே நாக்கை வளர்த்துவிட வேண்டாம் என்றார்கள்.

இத்தனையையும் மீறிக் கடலை வந்தது. இலை கரும்பச்சை, வரிசையெல்லாம் மஞ்சள் பூ. அந்தப் பூ விழுது இறக்கி மண்ணுக்குள் போனால்தான் காய். செண்பகம் வந்து ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினாள். வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளினாள், உள்ளே இளஞ்சிவப்பு.

“இங்கதான் குடியிருக்கு. காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சுக் குடுக்குது. சூளை நெனப்பை விடுங்க,” என்றுவிட்டு வண்டியேறினாள்.

அய்யாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“காத்துல பிடிக்குதாம் சித்தப்பா. நாம மண்ணைப் போட்டுல்ல மூடி வச்சிருக்கோம்.”



“மூச்சு முட்டிக்கிட்டே இவ்வளவு செஞ்சிருக்காங்க,” என்றான் சோலையப்பன். “காத்தாட விட்டா என்னதான் செய்ய மாட்டாங்க?”

பொழுது சாய்வதற்குள் ஒரு செடி விடாமல் பிடுங்கி, தழை மண்ணுக்குள்ளும் வேர் மேலேயுமாகத் திருப்பி நட்டார்கள். பவளக்கொடி வரிசையாகத் தண்ணீர் ஊற்றினாள். கடலைக்காடு முழுக்க வேர்கள் காற்றில் ஆடின. அய்யாவு கண் நிறையப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் சூளை மேஸ்திரி ஆள் கேட்டு வந்தார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான் அய்யாவு. மேஸ்திரி காட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“ஏம்ப்பா, இதுல கடலை எங்க காய்க்கும்?”

அய்யாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. விவசாயம் தெரியாத மனுஷன்.

“பூவெல்லாம் மண்ணுக்குள்ளயே இருக்குங்க. விழுது இறக்குற அலைச்சல்கூட அதுக்கு மிச்சம்.”