நிழலைத் துடைத்த பதினோரு நாள்

சுவரில் நான்கு வரி எழுதியிருந்தது. தணிகாசலம் அதை மூன்று முறை படித்தார். மூன்று முறையும் அவர் பெயர் அதில் இல்லை.

'உப்புக்குள் ஒரு நாள். கருத்தும் இயக்கமும்: முனைவர் ரகோத்தமன். தொழில்நுட்பம்: மையத்தின் ஆய்வுக் குழு. நன்றி: மரக்காணம் உப்பளத் தொழிலாளர்கள்.'

தலையில் ஹெட்செட் மாட்டிச் சுற்றிலும் பார்க்கும் அந்தப் படத்தை எடுத்த ஆய்வுக் குழுவில் இருந்தது அவர் ஒருவர்தான்.

கடலூர் முதுநகரில் மூடிக் கிடந்த ஐஸ் ஃபேக்டரிக்கு வெள்ளையடித்து, கலைக்கும் தொழில்நுட்பத்துக்குமான ஆய்வு மையம் ஆக்கியிருந்தார்கள். ஆண்டுக்கு ஆறு கலைஞர்கள். ஆறு மாதம் தங்க அறை, கேட்ட கருவி, மூன்று வேளைச் சாப்பாடு. யாரும் செய்யாததை முயன்று பாருங்கள் என்பார் இயக்குநர் ரகோத்தமன். தணிகாசலம் திண்டிவனத்தில் முப்பது ஆண்டு கல்யாண வீடியோ எடுத்தவர். ஐம்பத்தேழு வயதில் விண்ணப்பம் போட்டார். கிடைத்தபோது வீட்டிலேயே யாரும் நம்பவில்லை.

அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் செசிலி, தூத்துக்குடிக்காரர், முப்பத்தாறு வயது. மகள் வயதில் ஒருத்தி பாடம் நடத்துவதா என்று முதல் வாரம் கிண்டலாக 'டீச்சர்' என்று கூப்பிட்டார். இரண்டாம் மாதத்திலிருந்து அதே சொல்லைக் கிண்டல் இல்லாமல் சொன்னார்.

மாலை ஆறு மணிக்குக் கண்காட்சித் திறப்பு. இப்போது மூன்றரை. தணிகாசலம் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார்.

"டீச்சர், கீழ சுவரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"இயக்கமாம்! அந்தாளு ஒரு நாள் உப்பளத்துக்கு வந்தாரா? செருப்புல சேறு பட்டுச்சா? ஏசி ரூம்ல உக்காந்து எதை இயக்கினாரு, ரிமோட்டையா?"

"கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பேனா? ஒப்பந்தத்துல ஏழாம் பக்கம் படிங்கன்றாரு. இங்க தங்கி என்ன செஞ்சாலும் அது மையத்தோடதாம். 'நீங்க இல்லாம இது இல்லைன்னு எங்களுக்குத் தெரியும் சார், அது போதாதா?' அப்படின்னு சிரிக்கறாரு. கல்யாண ஆல்பத்துக்குப் பின்னாடிகூட என் ஸ்டுடியோ பேர் இருக்கும் டீச்சர். இங்க நான் யாரு? கம்பம் நட வந்த ஆளா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"படம் இதுல இருக்கு. வேற எங்கயும் கிடையாது. ஆறு மணிக்கு வர்றவங்க ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு வெறும் இருட்டைப் பாக்கட்டும். செய்யட்டுமா, வேணாமா? நீங்க சொல்லுங்க."

செசிலி டிஸ்க்கைத் தொடவில்லை.

"எந்த வேலைக்கு உங்க பேரு போடணும்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலத் தணிகாசலம் ஆரம்பித்தார்.

"இது நாலு பக்கமும் ஒரே நேரத்துல பாக்கற கேமரா. எவன் எங்க நின்னாலும் படத்துல விழுந்துடுவான். நான் மோட்டார் கொட்டகைக்குப் பின்னாடி பதுங்கிக் கெடந்தேன். உப்பளத்துக்காரங்க ஸ்டாண்டு வைக்க விடல. பாத்தித் தரையை ஒரு மாசம் காலால மிதிச்சு இறுக்கி வச்சிருக்காங்க, ஓட்டை விழுந்தா தண்ணி நிக்காதாம். கம்பு நுனியில கேமராவைக் கட்டி, அங்க வேலைக்கு வந்த ஒரு அம்மாவைப் பிடிக்கச் சொன்னேன். அப்புறம் இங்க வந்து அந்தம்மாவைத் துடைச்சேன், கம்பைத் துடைச்சேன். அடியில மிச்சம் இருந்த வட்டத்துல மையத்தோட சின்னத்தை வச்சு மூடினேன். எல்லாத்தையும் விட நிழல்தான் டீச்சர்! தண்ணியில ஆடுது. நிக்கவே மாட்டேங்குது. ஒவ்வொரு ஃப்ரேமா எடுத்து, அந்த நிழலைத் துடைக்க மட்டும் பதினோரு நாள். இன்னிக்கு மாட்டிப் பாக்கறவனுக்குத் தானே அங்க நிக்கற மாதிரி இருக்கும். கேமராவைப் பிடிச்ச ஆள் இருந்த தடமே கிடையாது."

"நல்ல வேலை" என்றார் செசிலி. "பேரு போடாதது அயோக்கியத்தனம். இருங்க, வாரேன்."

கீழே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் படியேறி வந்தது. ரகோத்தமன் குரலும் வந்தது. 'ஏழாம் பக்கம்' என்பது இரண்டு தடவை கேட்டது. "அந்தப் பக்கத்தைச் சுவர்ல ஒட்டுங்க, வர்றவங்க படிக்கட்டும்" என்று செசிலி சொன்னது தெளிவாகக் கேட்டது.

திரும்பி வந்தவரின் முகம் சிவந்திருந்தது.

"உங்க பேரு முதல் வரியில வருது. எழுதுத ஆளு ஏணி எடுக்கப் போயிருக்காரு."

தணிகாசலம் நாற்காலியில் சாய்ந்து சத்தமாகச் சிரித்தார். "கெழவன்னு நெனச்சானுங்க!"

"இப்ப துடைக்காத படத்தைப் போடுங்க."

"எதுக்கு?"

"எதுக்குச் சண்டை போட்டேன்னு மானிட்டர்ல பாத்துக்கிடுதேன். நீங்க மாட்டுங்க."

"நானூறு தடவை பாத்துட்டேன் டீச்சர்."

"மானிட்டர்ல பாத்தீங்க. இதைத் தலையில மாட்டிப் பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. தட்டையான திரையில் அந்தம்மா கீழ் விளிம்பு நெடுக இழுபட்ட ஒரு பழுப்புப் பட்டை. துடைக்க வேண்டிய அழுக்கு, அவ்வளவுதான். அவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்.

வெளிச்சம் கண்ணில் அடித்தது. பாத்திகள், உப்புக் குவியல்கள், தூரத்தில் உப்பை இழுக்கும் வாருகோலோடு நான்கு பேர். எல்லாம் அவர் அறிந்ததே.

"கீழ பாருங்க அண்ணாச்சி."

குனிந்தார். அவருடைய பாதம் இருக்க வேண்டிய இடத்தில் துண்டு சுற்றிய ஒரு தலை இருந்தது. அவர் அந்தத் தலைமேல் நின்றுகொண்டிருந்தார். அவர் மோவாய்க்குக் கீழே கம்பைப் பற்றிய இரண்டு கைகள். விரல் மூட்டுகளில் வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு. தண்ணீருக்குள் ஒரு கால் மற்றக் காலின் மேல் ஏறி நின்று, மாறி, மறுபடி ஏறியது.

தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

"சார், கால் எரியுதுங்க. செத்த மேல ஏறி நின்னுட்டு வரட்டுமா?"

கொட்டகைப் பக்கமிருந்து ஒரு குரல் சீறியது.

"பேசாத! அசையாத! நீ அங்க இல்லைன்னு நெனச்சுக்க!"

எவன் இவன் என்று தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. அடுத்த கணம் குரலை அடையாளம் தெரிந்தது.

ஹெட்செட்டைக் கழற்றினார். செசிலி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில் தாழ்ந்ததும் நிறுத்திட்டேன் டீச்சர். மோர் வாங்கிக் குடுத்தேன்."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"அஞ்சலாட்சின்னு பேரு. படம் எடுத்த மூணு நாளும் அவங்கதான் கேமராவைப் பிடிச்சாங்க. சுவர்ல போட்ருங்க. என் பேருக்குப் பக்கத்துலயே போடுங்க."

"போட்ரலாம். ஏணி வந்துட்டு."

கீழே ஏணியைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. தணிகாசலம் எழுந்து நின்றார். பேச வேண்டியது முடிந்துவிட்டது போலவும் இருந்தது, முடியாதது போலவும் இருந்தது.

செசிலி டிஸ்க்கைக் கையில் எடுத்தார். "ரெண்டு படமும் இதுலதான் இருக்கு. ஆறு மணிக்கு எதை ஓட்டச் சொல்லட்டும்?"

"என்ன கேள்வி இது? துடைச்சதைத்தான்."

செசிலி டிஸ்க்கை அவர் பக்கம் நீட்டினார்.

"துடைக்காததை ஓட்டினா படம் கெட்டுடும் டீச்சர்! நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, பாக்கறவன் தானே அங்க இருக்கான்னு நம்பணும்னு? குனிஞ்சா அந்தம்மா தலை தெரிஞ்சா எவன் நம்புவான்? பாக்கறவன் நிக்க வேண்டிய இடத்துல அவங்க நிக்கறாங்க. ரெண்டு பேருக்கு அங்க இடம் இல்ல."

"அப்போ நகந்து நிக்கச் சொல்லுங்க."

"அஞ்சலாட்சியையா? அதுக்குத்தான டீச்சர் பதினோரு நாள்..."

"பாக்க வர்றவங்கள."